ரேஸ் நின்ற பிறகு பிறந்த இரண்டு கார்கள்

ஸ்கூல் பஸ்ஸில் ட்ரம்ப் கார்டு விளையாடியிருக்கீங்களா? ரெஸ்லிங் கார்டு இல்லை, கார் போட்ட கார்டு. என் கையில் ஃபெராரி எஃப்40 வந்துட்டா போதும், கண்ணை மூடிக்கிட்டு "டாப் ஸ்பீடு 324" என்று சொல்லிடலாம். எதிரே போர்ஷே 959 வைத்திருக்கிறவன் "317" என்று முனகிக்கொண்டே கார்டை நீட்டுவான். ஏழு கிலோமீட்டர் வித்தியாசம். அந்த ஏழு கிலோமீட்டரை வைத்தே எது நல்ல வண்டி என்று பல வருஷம் முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

1980-களின் கடைசியில், நிஜமாகவே பணம் வைத்திருந்த கார் பிரியர்களுக்கும் இதே கேள்விதான் வந்தது. எஃப்40-ஆ, 959-ஆ? அவர்கள் கையில் இருந்தது அட்டை இல்லை, உயிரை வைத்து ஓட்ட வேண்டிய வண்டி. அதனால் கேள்வியும் வேறு மாதிரி இருந்தது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

200 வண்டி விதி

1982-இல் மோட்டார் பந்தயத்தில் குரூப் பி என்று ஒரு புது வகுப்பு வந்தது. அந்தக் காலத்து விதிப்படி, ஒரு காரை ரேஸில் இறக்க வேண்டும் என்றால் அதே காரை இத்தனை எண்ணிக்கையில் தயாரித்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. குரூப் ஏ-வுக்கு அது 5,000. குரூப் பி-க்கு வெறும் 200.

இந்த ஒரு எண்தான் எல்லாத்தையும் மாற்றியது. 5,000 கார் விற்க வேண்டும் என்றால் சாதாரண மனிதர்கள் வாங்குகிற மாதிரி செய்ய வேண்டும். 200 போதும் என்றால்? முதலில் ரேஸ் காரைக் கட்டிவிட்டு, அதற்கு நம்பர் பிளேட் மாட்டி 200 பணக்காரர்களிடம் விற்றுவிடலாம். கம்பெனிகள் அதைத்தான் செய்தன.

1983 ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே ஒரு மாதிரி வண்டியை வைத்தது. அதன் பெயரே "குரூப் பி". அதுதான் பிறகு 959 ஆனது. ஃபெராரி 1984-இல் 288 ஜிடிஓ என்ற காரைக் கொண்டுவந்து, மொத்தம் 272 தயாரித்தது. அதை இன்னும் முறுக்கேற்றி, எவல்யூசியோனே என்ற பெயரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ரேஸ் வண்டிகளையும் கட்டியது. இரண்டு கம்பெனிகளும் தயார். அதற்குள் ரேஸே நின்றுபோனது.

கோர்சிகாவில் ஒரு வளைவு

குரூப் பி கார்கள் அதிகம் ஓடியது ராலியில். ராலி என்றால் வட்டமான ட்ராக் கிடையாது. மலைப்பாதை, காட்டுப்பாதை, மண், பனி. கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும், கடிகாரத்தோடுதான் போட்டி. ஜனங்கள் சாலை ஓரத்தில், சில சமயம் சாலையிலேயே, நின்று பார்ப்பார்கள். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் புகுந்தது. பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் இறந்தார்கள்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மே 2, 1986. பிரான்ஸின் கோர்சிகா தீவு. ஃபின்லாந்து டிரைவர் ஹென்றி டோய்வோனென், பக்கத்தில் வழி சொல்லும் செர்ஜியோ கிரெஸ்டோ. லான்சியா டெல்டா எஸ்4 என்ற கார். இடதுபக்க வளைவு ஒன்றில் வண்டி சாலையை விட்டு இறங்கி, பள்ளத்தில் விழுந்து, தீப்பிடித்தது. இரண்டு பேரும் அங்கேயே இறந்துவிட்டார்கள். டோய்வோனெனுக்கு வயது 29.

இனி குரூப் பி ராலி வேண்டாம் என்று சர்வதேச அமைப்பு உடனே அறிவித்தது. 1987-இலிருந்து தடை.

இந்தக் கார்கள் டிரைவரின் கை, கண், நரம்பு எல்லாத்தையும் தாண்டிப் போய்விட்டன என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. கோர்சிகாவுக்குப் பிறகு அதை யாரும் மறுக்க முடியவில்லை. சரி, வண்டி மனிதனை விட வேகமாகிவிட்டது. இப்போ என்ன பண்றது? இந்தக் கேள்விக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பதில் வந்தது, இத்தாலியிலிருந்து இன்னொரு பதில் வந்தது.

ஜெர்மனியின் பதில்

போர்ஷேயில் இன்ஜினியரிங் தலைவராக இருந்தவர் ஹெல்முட் போட். 959-ஐ அவர் ஓடும் ஆராய்ச்சிக்கூடம் மாதிரி நடத்தினார்.

2.85 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 450 ஹார்ஸ்பவர். அந்தக் கால டர்போ வண்டியை ஓட்டினவங்களுக்குத் தெரியும்: மிதிச்சா முதலில் ஒன்றும் நடக்காது, திடீரென்று முதுகில் உதைக்கும். 959-இல் இரண்டு டர்போவும் வரிசையாக வேலை செய்யும். குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும், இன்ஜின் சுற்று ஏறினதும் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். உதை இல்லை, சீரான இழுவை.

சக்தி நான்கு சக்கரத்துக்கும் போகும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதை கம்ப்யூட்டர் பிரிக்கும். காய்ந்த சாலை, ஈரமான சாலை, பனி என்று டிரைவர் தேர்ந்தெடுக்கலாம். ஏபிஎஸ் உண்டு. தரையிலிருந்து வண்டியின் உயரத்தை மாற்றலாம். டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். ஏசி, லெதர் சீட் எல்லாம் உண்டு.

இதே வண்டியின் ரேஸ் வடிவம் 1986 ஜனவரியில் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் பாலைவனத்தைக் கடந்து முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. விலை 4,20,000 ஜெர்மன் மார்க். அந்த விலைக்கு விற்றும் ஒவ்வொரு வண்டியிலும் போர்ஷேக்கு நஷ்டம்தான். சுமார் 300 கார்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இத்தாலியின் பதில்

ஜூலை 21, 1987, மரனெல்லோ. என்சோ ஃபெராரிக்கு அப்போது 89 வயது. தன் பெயரில் கார் வர ஆரம்பித்து 40 வருஷம் ஆனதைக் கொண்டாட ஒரு வண்டியை வெளியிட்டார். அதுதான் எஃப்40. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். அவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த கடைசி ஃபெராரி இது.

ரேஸ் இல்லாமல் நின்றுபோன அந்த எவல்யூசியோனே வண்டிகளில் கற்றதுதான் எஃப்40-இன் அடித்தளம். 2.9 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 478 ஹார்ஸ்பவர். சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டும். ஏபிஎஸ் கிடையாது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. பிரேக்குக்கு பூஸ்டர் கூட கிடையாது, காலை ஊன்றித்தான் மிதிக்கணும். உள்ளே கார்ப்பெட் இல்லை, ரேடியோ இல்லை. கதவைத் திறக்க கைப்பிடி இல்லை, ஒரு கேபிளை இழுக்கணும். முதலில் வந்த வண்டிகளில் கண்ணாடிக்குப் பதில் நகர்த்தித் திறக்கும் பிளாஸ்டிக் ஜன்னல். இந்த எளிமையெல்லாம் எடையைக் குறைக்க. காலி எடை 1,100 கிலோ சொச்சம். 959 அதைவிட 300 கிலோவுக்கு மேல் கனம்.

சாலையில் ஓட்டக்கூடிய கார் ஒன்று மணிக்கு 200 மைல் தாண்டும் என்று ஒரு கம்பெனி அறிவித்தது இதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள். என் ட்ரம்ப் கார்டில் இருந்த 324 அதுதான்.

400 வண்டி செய்வதாகத் திட்டம். கேட்டு வந்த கூட்டத்தைப் பார்த்து கடைசியில் 1,300-க்கும் மேல் செய்தார்கள். வாங்கினவர்களில் சிலர் ஓட்டவே இல்லை. வாங்கிய கையோடு பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபோது அந்த விலையும் சேர்ந்து சரிந்தது.

வாங்கின பிறகு

இப்போ ஓனர் பக்கம் வருவோம். இரண்டுமே சுலபமான வண்டி இல்லை. எஃப்40-இன் பெட்ரோல் டேங்க், ரேஸ் கார்களில் வருகிற மாதிரி ரப்பர் பை. வண்டியை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றணும், அந்த வேலைக்கு ஒரு நல்ல கார் வாங்கும் காசு போகும். 959-இல் பிரச்சினை வேறு. அத்தனை புது விஷயங்கள், உலகத்திலேயே 300 வண்டியில்தான் இருக்கின்றன. ஏதாவது பழுதானால் பாகத்துக்கும் அதைத் தொடத் தெரிந்த ஆளுக்கும் அலையணும்.

959-ஐத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகப் பிரபலமானவர் பில் கேட்ஸ். 1980-களின் கடைசியில் வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பலில் வரவழைத்தார். சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. அமெரிக்கச் சாலையில் ஓட வேண்டுமானால் மோதல் சோதனையில் தேற வேண்டும். அதற்காக நொறுக்குவதற்கு 959-களைத் தர போர்ஷே தயாராக இல்லை. விளைவு? வண்டி சுமார் 13 வருஷம் சுங்கத்துறையின் பிடியில் நின்றது. உலகப் பணக்காரர்களில் ஒருவர், தன் காரைத் தானே ஓட்ட முடியாமல்!

1998-இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தில், வரலாற்று அல்லது தொழில்நுட்ப முக்கியத்துவம் உள்ள அரிய கார்களுக்கு விலக்கு கொடுக்கும் ஒரு பிரிவு சேர்ந்தது. பார்வைக்கு வைக்கலாம், சாலையில் வருஷத்துக்கு 2,500 மைல் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகுதான் 959-க்கு வழி பிறந்தது. எஃப்40-க்கு இந்தத் தொல்லையே இல்லை. அமெரிக்க விதிகளுக்கு ஏற்ப மாற்றி ஃபெராரியே அங்கே விற்றது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பாதுகாப்புக்காக இத்தனை கருவி வைத்த கார், பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஏபிஎஸ்கூட இல்லாத கார் சாலையில் ஓடியது.

யார் ஜெயித்தது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏபிஎஸ் இல்லாத ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வைத்திருந்தேன். அக்டோபர் மழை, இரவு, முன்னால் போன ஆட்டோ சடாரென்று நின்றது. பிரேக்கை முழுசாக அழுத்தினேன். சக்கரம் பூட்டிக்கொண்டது, நான் ரோட்டில் சறுக்கிக்கொண்டு போனேன். முழங்கை கிழிந்ததோடு தப்பித்தேன். அதுவரை என்னை நல்ல ரைடர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019 முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம். டயர் காற்று எச்சரிக்கை இன்று நம்ம ஊரில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டது. வேகமான கார் என்றால் நான்கு சக்கரத்துக்கும் சக்தி, அதைப் பிரிக்கக் கம்ப்யூட்டர் என்பது இன்று சர்வ சாதாரணம். 959 எல்லாத்தையும் தானே கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை. ஆனால் கார் உலகம் போன திசை 959 காட்டிய திசைதான்.

அப்போ ஏலத்தில் ஏன் எஃப்40 பொதுவாக அதிக விலைக்குப் போகிறது? நான்கு மடங்கு எண்ணிக்கையில் இருந்தும்? என் பதில் இது: 959 தந்தது இன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எஃப்40 தந்தது இனிமேல் யாரும் தரப்போவதில்லை. பணக்காரர்கள் அரிதானதுக்குத்தான் காசு கொடுப்பார்கள்.

எஃப்40 பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அந்த வண்டி பொய் சொல்லாது. நீங்க தப்பு பண்ணினால் ஸ்டீயரிங்கிலேயே தெரியும், பயம் வரும், காலை எடுப்பீங்க. 959 வழியில் வந்த இன்றைய கார்கள் 500 ஹார்ஸ்பவரையும் பஞ்சு மாதிரி காட்டுகின்றன. நேற்று லைசென்ஸ் வாங்கின பையன்கூட தன்னை ரேஸர் என்று நினைத்துக்கொள்ளலாம், கம்ப்யூட்டர் காப்பாற்ற முடியாத அந்த ஒரு வளைவு வரும் வரைக்கும்.

இருந்தாலும், யாராவது இரண்டு சாவியையும் நீட்டினால் இன்று என் கை 959 பக்கம்தான் போகும். பயத்தை ரசிக்க எஃப்40 போதும். ஆனால் ஓட்டுகிறவரைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முயற்சி செய்த வண்டி எது என்று பார்த்தால், எனக்கு 959-தான் தெரிகிறது. ட்ரம்ப் கார்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. பஸ்ஸில் என்னிடம் அந்தக் கார்டைத் தோற்றவன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தம்பி, கார்டைத் திருப்பித் தர்றேன்டா.

நீங்க எந்தச் சாவியை எடுப்பீங்க? ஏன்? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.