குடல் இணைப்புத் தையல் கசிவில் தொற்றின் பங்கு

குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கியபின், மீந்த இரு முனைகளையும் நூலாலோ ஸ்டேப்ளராலோ சேர்ப்பார்கள். அந்த இணைப்பு விட்டுப்போய், குடலுக்குள் இருப்பது வயிற்றறைக்குள் ஒழுகுவதே தையல் கசிவு. மலக்குடலின் அடிப்பகுதி இணைப்புகளில் இது அதிகம், சிறுகுடலில் குறைவு. பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் வெளிப்படும்.

தையலைத் தாங்குவது சளிப்படலத்தின் அடியிலுள்ள, கொலாஜன் என்ற புரதம் நிறைந்த அடுக்கு. 1887இல் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் இந்த அடுக்கின் முக்கியத்துவத்தை விளக்கினார். முதல் மூன்று நான்கு நாள்களில் புதிய கொலாஜன் ஊறுவதைவிடப் பழையது வேகமாகக் கரைகிறது. அதுவரை இணைப்பு நூலின் பலத்தில்தான் நிற்கிறது. கிருமிக்கு வாய்ப்பு தரும் இடைவெளி இதுவே.

இரத்த ஓட்டக் குறைவு, முனைகள் இழுபடுதல், தையலின் தரம் ஆகியவையே கசிவின் காரணங்கள் என்றும், தொற்று அதன் பின்விளைவு என்றும் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் 1955இல் ஐசிடோர் கோன் குழு, நாய்களின் பெருங்குடலில் இரத்த ஓட்டத்தைத் துண்டித்த இணைப்புகளுக்குள் நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தியபோது, கெட்டுப்போக வேண்டியவை தப்பிப் பிழைத்தன. 2015இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் அல்வர்டி குழு எலிகளில் மேலும் துல்லியமாகக் காட்டியது: என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல்வாழ் பாக்டீரியம் கொலாஜனைத் தானும் சிதைக்கிறது, உடலின் எம்.எம்.பி-9 என்ற நொதியையும் தூண்டிவிடுகிறது. வழக்கமாக நரம்பு வழி ஏற்றும் மருந்து அதை இணைப்பிலிருந்து அகற்றவில்லை. குடலுக்குள் நேரடியாகச் செலுத்திய மருந்து கசிவைத் தடுத்தது. மனிதரில் இது முழுமையாக நிறுவப்படவில்லை. ஆனாலும் தொற்றைக் கசிவின் காரணங்களுள் ஒன்றாக எண்ணாமல் இருக்க இனி முடியாது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு இது தூரத்து ஆய்வுக்கூடச் செய்தி அல்ல. மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்று ஒன்று. கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்றவற்றுக்கு இவ்வறுவைக்காகப் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே மிகுதி. உள்ளூர்த் தமிழர் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் இந்நோய், கட்டுக்குள் இல்லாதபோது, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களையும் கொலாஜன் உருவாக்கத்தையும் ஒருசேரத் தளர்த்துகிறது. புகைபிடித்தல் இணைப்புக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறது.

எனவே தடுப்பு அறுவை மேசைக்கு வெகுமுன்பே தொடங்க வேண்டும்: சர்க்கரையைச் சீராக்குதல், புகையை நிறுத்துதல், பெருங்குடல் அறுவைக்குமுன் குடலைச் சுத்தம் செய்து வாய்வழி நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தல், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஒரு வேளை மருந்து. அதற்குமேல் நாள்கணக்கில் நீட்டினால் மருந்துக்கு மசியாத கிருமிகளே வளரும்.

மூன்றாம் நாளுக்குப் பின்னும் நாடி வேகமாக ஓடுதல், காய்ச்சல், வயிறு உப்புதல், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு குறையாமை ஆகியவை எச்சரிக்கைகள். வீடு திரும்பியவருக்கு இவை தோன்றினால் கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் காத்திருக்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கே உடனே போக வேண்டும். சி.டி. ஸ்கேன் எடுத்துக் கசிவை உறுதிசெய்வார்கள். சிறு கசிவு மருந்தாலும் சீழை வடிப்பதாலும் ஆறலாம். பெரியதாயின் மறு அறுவை செய்து, மலம் செல்லத் தற்காலிகத் துளையை வயிற்றில் அமைப்பார்கள்.