எரிபொருள் கலத்தின் காற்றுத்துளை: கிணற்றுமேட்டிலிருந்து ஜெட் ஸ்கீ வரை

நம் தொழில்நுட்ப வரலாறுகள் எந்திரத்தின் குதிரைத்திறனை எழுதுகின்றன. இறக்குமதியான ஆண்டை எழுதுகின்றன. மானியக் கணக்கை எழுதுகின்றன. டேங்க் என்று நாம் வழங்கும் எரிபொருள் கலத்தின் மூடியில் உள்ள சிறு துளைக்கு அவற்றில் இடமில்லை. எந்திரம் ஓடுவதும் நிற்பதும் அத்துளையைச் சார்ந்தவை. ஆகவே அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையதாக இருந்தது என்ற கேள்வி வரலாற்று மாணவர்க்கு அற்பமானதன்று.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தொடங்கலாம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் புறத்தில், மழை குறைந்த சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒருங்கே புழங்கும் ஊர் அது. 1949 வரை சித்தூர் கொச்சி அரசின் நிலம். பக்கத்துப் பொள்ளாச்சியோ சென்னை மாகாணம். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் கோவை வட்டாரத்துக்கு மின் இறைப்பைக் கொணர்ந்தது. மின்கம்பி எட்டாத கிணற்றுமேடுகளில் எண்ணெய் எந்திரமே நீர் இறைத்தது. அவ்வகை எந்திரங்களில் டீசல் கலம் மேலே அமர்ந்திருக்கும். எண்ணெய் தன் எடையாலேயே கீழிறங்கும். மூடியின் துளையைத் தூசு அடைத்துவிட்டால் இறங்கும் எண்ணெய் மெலிந்து எந்திரம் திணறும். மூடியைச் சற்றே தளர்த்தினால் மறுபடி ஓடும். நட்டம் என்றால் சிறிது நேரப் பாசனம், அவ்வளவே.

காரணம் எளியது. கலத்திலிருந்து எண்ணெய் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிடில் உள்ளிருக்கும் காற்று விரிந்து அழுத்தம் குறையும். 1662இல் பாயில் வெளியிட்ட விதி இதுதான். ஒரு கணக்கைப் பார்ப்போம். சுவர் வளையாத 20 லிட்டர் கலத்தில் 18 லிட்டர் மண்ணெண்ணெய் இருக்கிறது. மேலே 2 லிட்டர் காற்று. துளை மூடிய நிலையில் 200 மில்லி லிட்டரை எந்திரம் உறிஞ்சினால் உள்ளழுத்தம் ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீர் உயரத்தின் அழுத்தம். அதே கலம் பாதி காலியாக இருந்தால் குறைவு 2 விழுக்காடு மட்டுமே. கலம் நிறைந்திருக்கும்போதுதான் ஆபத்து விரைந்து வருகிறது. கிணற்றுமேட்டில் இதற்குப் பெரிய பொருளில்லை. கடற்கரையில் உண்டு.

1980களில் கேரளக் கடற்கரையிலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் வள்ளங்களும் ஒட்டுப்பலகைப் படகுகளும் அவுட்போர்டு எந்திரம் பூட்டத் தொடங்கின. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எந்திரங்கள் பரவின. எரிபொருள் தனிக் கலத்தில் இருக்கும். இடையில் ஒரு குழாய், குழாயில் கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ். கலத்தின் மூடியில் ஒரு திருகு. கரையில் சுமந்து செல்லும்போது எண்ணெய் சிந்தாதிருக்க அதனை முடுக்கவேண்டும். கடலில் இறங்குமுன் தளர்த்தவேண்டும். மறந்தால் எந்திரம் வழக்கம்போல் கிளம்பும், சற்று ஓடும், பிறகு அடங்கும். மேற்சொன்ன கணக்கை இங்கு நினைவுகூர்க. கலம் நிறைந்திருப்பது புறப்படும்போது. படகு உடைதிரையைக் கடப்பதும் புறப்படும்போது. அங்கே எந்திரம் நின்றால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதன்பின் நடப்பதைக் கடற்கரையினருக்கு விளக்கவேண்டியதில்லை.

திருகைத் திறந்தே வைத்துவிடலாமே என்பார்க்கு விடை, அதே துளை வழியாகக் கடல்நீரும் உள்ளே இறங்கும் என்பது. எண்ணெயில் கலந்த நீரும் எந்திரத்தை நிறுத்தவல்லது. எனவே திறப்பதும் மூடுவதும் ஒருவருடைய நினைவைச் சார்ந்த வேலையாயிற்று.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் மீன்வள முயற்சி. கிழக்குக் கரைக்காக அது வடிவமைத்த கரையேறு படகுகளில் சிறு டீசல் எந்திரம் நீர்புகாப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. மணலில் ஏறும்போது சுழலியைத் தூக்கிக்கொள்ளவும் வழி இருந்தது. காற்று வேண்டும், நீர் கூடாது என்ற அதே முரணை அவ்வடிவமைப்பாளர்களும் எதிர்கொண்டனர். ஆள் நினைவில் வைத்திருப்பான் என்று விட்டுவிடாமல் படகின் அமைப்பிலேயே விடைதேட முனைந்ததே அம்முயற்சியின் சிறப்பு என்பது என் கருத்து.

இம்முரணின் உச்சம் நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீ. மோட்டார் சைக்கிள் பந்தய ஆர்வலரான கிளேட்டன் ஜேக்கப்சன் 1960களில் அமெரிக்காவில் இதற்கான சோதனைகளைச் செய்தார். 1968இல் பம்பார்டியர் நிறுவனத்தின் அமர்ந்தோட்டும் சீ-டூ வந்தது. 1970களின் தொடக்கத்தில் கவாசாகி, நின்றோட்டும் வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் விழுவது விபத்து அன்று, விளையாட்டின் பகுதி. ஓட்டுபவர் விழுவார், கலம் கவிழும், நிமிர்த்தி மீண்டும் ஏறவேண்டும். தலைகீழாகும் ஊர்தியில் வெறும் துளை உதவாது. பெட்ரோல் உடற்கூட்டுக்குள் வழியும். மூடிய உடற்கூட்டில் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

ஆதலின் காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு புகுந்தது. காற்றைக் கலத்துக்குள் விடும். எண்ணெயை வெளியே விடாது. வால்வின் மீதுள்ள அம்புக்குறி கலத்தை நோக்கியிருக்கவேண்டும். மாற்றிப் பூட்டினால் உறிஞ்சும் எந்திரம் பட்டினி கிடக்கும், கவிழ்ந்தால் எண்ணெயும் கசியும். கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும்: ஒருபுறம் போகவேண்டும், மறுபுறம் தடைபடவேண்டும். குழாயின் திறந்த முனை, உடற்கூட்டின் அடியில் தேங்கும் நீருக்கு மேலே, நெளியாமலும் நசுங்காமலும் உயர்ந்து நிற்கவேண்டும்.

இவற்றை ஒப்பிட்டு, பொழுதுபோக்குக்கு வால்வும் பிழைப்புக்குத் திருகும் கிடைத்தன என்று முடித்துவிடுவது எளிது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை அன்று. திருகு கண்ணுக்குத் தெரியும், விலை மலிவு, உப்புப் பூத்தாலும் விரலால் திருப்பலாம். மணலும் உப்பும் ஏறி ஒட்டிக்கொண்ட வால்வை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது. நாள்தோறும் கரைக்கும் வீட்டுக்கும் சுமக்கப்படும் கலத்துக்குத் திருகு பொருத்தமற்றதும் அன்று. கேள்வி, அதை மறந்ததன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே. எந்திரம் விற்ற நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை.

வால்வும் சிக்கலை முழுவதும் தீர்க்கவில்லை. வெயிலில் நிற்கும் கலத்தில் பெட்ரோல் ஆவி பெருகி அழுத்தம் உயரும். வெளியேற வழியில்லையேல் கார்புரேட்டருக்குள் எண்ணெயைத் தள்ளும். எனவே குறிப்பிட்ட அழுத்தத்தில் திறக்கும் தணிப்பு வால்வும் சேர்ந்தது. 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சிறுபடகுகளின் பெட்ரோல் ஆவிக்கும் வரம்பு விதித்தபோது, கவிழ்வதற்கு அஞ்சிச் செய்த இந்த அடைப்புமுறை காற்று மாசைத் தடுக்கும் முறையாகவும் கணக்கிடப்பட்டது. வெயிலில் நிறுத்திய ஜெட் ஸ்கீயின் மூடியைத் திறக்கையில் புஸ்ஸென்று ஓர் ஒலி எழுவது அதனால்தான்.