கூரைமேற் சூரியனும் சேமிப்புக் கலமும்



வீட்டுக் கூரையிலே சூரியத் தகடு பதிக்க எண்ணுவோர் முதலிற் கேட்பது விலையை. அடுத்துக் கேட்பது, "பற்றரியும் வேண்டுமா, வேண்டாமா?" என்பதை. இரண்டாவது கேள்வியை விற்பனையாளரிடமே விட்டுவிடுவோர் பலர். ஆனால் அது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. சூரிய ஒளியிலிருந்து மின்னைப் பெறும் கலை பிறந்தபோதே அதுவும் உடன்பிறந்தது. நமது இலங்கையிலோ நாற்பது ஆண்டு காலத்துள் அதற்குரிய விடை மாறி மாறி வந்திருக்கின்றது. அந்த மாற்றங்களின் காரணத்தை அறிந்தவர்க்குத் தம் வீட்டுக்குரிய விடையைக் காண்பது எளிதாகும்.

1839 ஆம் ஆண்டிலே, பாரிசு நகரில், தந்தையாரின் ஆய்வுகூடத்திற் பணிசெய்துகொண்டிருந்த எட்மண்ட் பெக்கரல் என்னும் பத்தொன்பது வயது இளைஞர், திரவத்தில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின்மீது ஒளி விழும்போது மின்னோட்டம் மிகுவதைக் கண்டார். 1873 இல் வில்லோபி சிமித் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்கெனச் செலனியத்தைப் பயன்படுத்தியபோது, அது வெளிச்சத்தில் ஒருவிதமாகவும் இருளில் வேறொருவிதமாகவும் நடந்துகொள்வதை அறிந்தார். அதனைத் தொடர்ந்து 1880களின் முற்பகுதியில் நியூயோர்க்கில் வாழ்ந்த சாள்சு பிரிற்சு என்பவர், செலனியத்தின்மேற் பொன்னை மெல்லிய படலமாகப் பூசித் தகடுகள் செய்தார். விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்களவே மின்னாயிற்று. அதே நகரிலேதான் 1882 இல் எடிசன் நிலக்கரியை எரித்து மின்விற்கும் நிலையத்தைத் தொடங்கியிருந்தார்.

பிரிற்சின் தகடுகள் எவர் வீட்டுக்கும் விளக்கேற்றவில்லை. எனினும் அவர் எழுதிவைத்த ஒரு கருத்து நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. உடனே தேவைப்படாத மின்னை, உண்டாகும் இடத்திலேயே சேமிப்புக் கலங்களில் வைத்துக்கொள்ளலாம். அல்லது தொலைவுக்கு அனுப்பி அங்கே பயன்படுத்தலாம் என்றார் அவர். ஒன்று கலம், மற்றது கம்பி. சேமிப்புக் கலத்துக்கும் அப்போது பஞ்சமிருக்கவில்லை. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் இட்டு மின்னேற்றும் பற்றரியை 1859 இலேயே பிரான்சு நாட்டுக் கசுற்றன் பிளான்றே ஆக்கிவிட்டார். இன்று நம் வீட்டு வாயிலில் நிற்கும் விற்பனையாளர் கூறும் இருவகை ஏற்பாடும் அந்தப் பழைய கருத்தின் இரு கிளைகளே.

உண்மையாகப் பயன்தரும் சூரியக் கலம் பிறக்க மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் டாரில் சாப்பின் என்பவரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. ஈரப்பதம் மிகுந்த வெப்பநாடுகளிலே தொலைபேசிக் கருவிகளுக்கு வைக்கும் உலர்கலங்கள் விரைவிற் பழுதாகின. அவற்றுக்கு மாற்று எது எனக் காண்பதே அவ்வேலை. நம்மைப் போன்ற நாடுகளின் புழுக்கமும் இக்கண்டுபிடிப்புக்கு ஒரு காரணம் என்பது சுவையான செய்தியன்றோ? சாப்பின், கல்வின் புல்லர், ஜெரல்ட் பியர்சன் ஆகிய மூவரும் ஆக்கிய சிலிக்கன் கலம் 1954 ஏப்ரல் 25 ஆம் நாள் உலகுக்குக் காட்டப்பட்டது. விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்னாக்கிற்று. அதன் வலுவால் ஒரு விளையாட்டு இராட்டினம் சுழன்றது. சிறிய வானொலிப் பரப்பி ஒன்று குரலையும் இசையையும் அனுப்பிற்று. வானொலி நேயர்களாகிய நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்க தொடக்கம் அது.

ஆயின் விலையோ கேட்போர் மயங்கி விழத்தக்கது. சராசரி வீடொன்றுக்கு வேண்டிய தகடுகளுக்குப் பதினான்கு இலட்சம் டொலருக்கும் மேற் செல்லும் எனச் சாப்பினே 1956 இற் கணக்கிட்டார். ஆதலால் அக்கலம் பணத்தைப் பாராத விண்வெளிக்குச் சென்றது. 1958 மார்ச் மாதம் ஏவப்பட்ட வான்காட் என்னும் சிறு கோளத்தில் இரண்டு பரப்பிகள் இருந்தன. பற்றரியால் இயங்கியது அவ்வாண்டு யூன் மாதத்தில் ஓய்ந்தது. சூரியக் கலத்தால் இயங்கியது 1964 வரை பேசிற்று. பற்றரி முந்தி மாயும், தகடு பிந்தி மாயும் என்னும் இந்த நியதி, இன்றும் வீட்டுக் கணக்கில் மறக்கலாகாதது.

இனி இலங்கைக்கு வருவோம். 1950 இல் இலக்சபானா நீர்மின் நிலையம் தொழிற்படத் தொடங்கிய பின்னும், கம்பி எட்டாத ஊர்கள் பல்லாண்டு காலம் இருளிலே கிடந்தன. மாலையானதும் குப்பி விளக்கும் அரிக்கன் லாந்தருமே துணை. தொலைக்காட்சி வந்த பின்னர், மோட்டார் வண்டிப் பற்றரியைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டி அயற் பட்டினத்துக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவது பல குடும்பங்களின் வாடிக்கையாயிற்று. இத்தகைய வீடுகளுக்கே சூரியத் தகடு முதலில் வந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு 1997 இல் ஒரு திட்டமும் 2002 இல் அதன் தொடர்ச்சியாக மற்றொன்றும் நடைபெற்றன; ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமிய இல்லங்களில் தகடுகள் ஏறின. நாற்பது வாற்று, ஐம்பது வாற்று அளவில் ஒரு தகடு, பன்னிரண்டு வோற்றுப் பற்றரி ஒன்று, சில விளக்குகள், ஒரு வானொலி, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. இவ்வளவே அந்த ஏற்பாடு. அங்கே பற்றரி வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. பற்றரி இல்லையேல் அந்தியிலே விளக்கில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதேயில்லை. 1990 இற்குப் பின் நாட்டின் மின்கம்பியினின்றும் குடாநாடு துண்டிக்கப்பட்டு, மண்ணெண்ணெயும் பற்றரியும் அருமையாகிவிட்ட ஆண்டுகளில், கவிழ்த்து நிறுத்திய துவிச்சக்கர வண்டியின் மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவால் வானொலி கேட்டவர்கள் பலர். மின்னைச் சேமிக்க வழியில்லையெனில், கேட்க விரும்பும் நேரமெல்லாம் கை ஓயாது சுழற்றவேண்டும். சேமிப்பின் பெறுமதியை அந்தக் கைகள் அறியும்.

பின்னர் காலம் மாறிற்று. 2010களின் நடுப்பகுதிக்குள் நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் கம்பி சென்றுவிட்டது. கிராமத்துத் தகடுகள் பல கழற்றி மூலையில் வைக்கப்பட்டன. அதே காலத்தில் நகரத்துக் கூரைகளிலே புதிய வகைத் தகடுகள் ஏறலாயின. வீட்டின் மிகை மின்னைப் பகலிற் பொதுக் கம்பிக்குக் கொடுத்து இரவில் அலகுக்கு அலகு திருப்பி எடுக்கும் முறை 2010 அளவில் நடைமுறைக்கு வந்தது. 2016 செத்தெம்பரில் அரசு தொடங்கிய திட்டத்தால், மிகை அலகுகளுக்குப் பணம் பெறும் முறையும், உண்டாகும் மின் முழுவதையும் விற்கும் முறையும் சேர்ந்தன. இங்கே பற்றரி எதற்கு? பொதுக் கம்பியே பெரும் பற்றரியாக நின்றது. அதற்கு விலையுமில்லை, தேய்வுமில்லை. பற்றரியின்றிப் பதித்தோர் அன்று செய்த கணக்கு முற்றிலும் சரியானதே.

2022 ஆம் ஆண்டு அக்கணக்கிலே ஒரு வெற்றிடத்தைக் காட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளின்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி வரை மின் நிறுத்தப்பட்டது. வெளியே கொளுத்தும் வெயில். கூரைமேல் இலட்சக் கணக்கான ரூபா கொடுத்துப் பதித்த தகடுகள். உள்ளே சுழலாத விசிறி. பலர் தமது ஏற்பாடு பழுதென்றே எண்ணினர். பழுதன்று, அது அவ்வாறே ஆக்கப்பட்டது. தகட்டிலிருந்து வரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டர் என்னும் கருவி, பொதுக் கம்பியின் துடிப்பைப் பின்பற்றியே நடக்கின்றது. கம்பி ஓய்ந்தால் அதுவும் உடனே ஓய்ந்துவிட வேண்டும். இல்லையேல், மின்னில்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிக் கம்பியைத் தொடும் தொழிலாளியின் உயிருக்கு ஒரு வீட்டின் கூரை எமனாகிவிடும். இந்த உண்மையைப் பதிக்கும்போதே சொல்லியிருந்தால் வீண் மனக்கசப்பு நேர்ந்திராது. சொன்னவர் சிலர், சொல்லாதவர் பலர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அடுத்த இடர் நேர்மாறானது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்னிழந்தது. பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே தொடக்கம் என்றனர், உலகம் நகைத்தது. நகைப்பின் பின்னே நின்ற காரணம் வேறு. விடுமுறை நாளில் மின் நுகர்வு குறைவு, வெயிலோ மிகுதி, மின்னிற் பெரும்பங்கு சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. சுழலும் பாரிய மின்பிறப்பாக்கிகளின் சடத்துவம் ஓர் அதிர்ச்சியைத் தாங்கும். தகட்டுக்கு அத்தகைய சடத்துவம் இயல்பாக இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை நாள்களின் பகல் வேளையிலே கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. பெரும் பற்றரியென நாம் நம்பிய பொதுக் கம்பி, நண்பகலில் நிரம்பி வழியலாயிற்று.

நமது மூதாதையர் இதனை நீரிலே கண்டவர்கள். மாரியில் வெள்ளம், கோடையில் வறட்சி; நடுவே குளம். வாய்க்கால் எத்துணை நீளமாயினும் குளத்தின் வேலையைச் செய்யாது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் ஓரளவுக்கு மின்னுக்கும் குளங்களே. நண்பகலில் அவற்றின் மதகை அடக்கி, மாலையிலே திறக்கலாம். ஆனால் மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை நாடெங்கும் விளக்கெரியும் உச்ச வேளை முழுவதையும் அவை தனியே தாங்க மாட்டா.

ஆகவே, இன்று தகடு வாங்குவோர் என் செய்வது? வறண்ட வலயத்திலே ஒரு கிலோவாற்றுத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு அலகளவு தரும். கட்டணத்தைக் குறைப்பது ஒன்றே நோக்கமாயின், பற்றரியில்லா ஏற்பாடே இன்னும் மலிவானது; ஆனால் புதிதாகச் சேர்வோர்க்குக் கொடுக்கப்படும் விலையை ஒப்பந்தத்தில் நேரே பார்க்கவேண்டும், அயலவர் பெறும் விலையைக் கேட்டு நம்பலாகாது. வீட்டிலே நோயாளி இருப்பின், அல்லது மீனும் பாலும் விற்கும் கடை இருப்பின், கணக்கு வேறாகும். ஐந்து அலகு கொள்ளும் பற்றரி ஒன்று, சில விளக்குகளையும் இரண்டு விசிறிகளையும் குளிர்ப்பெட்டியையும் இரவு முழுவதும் தாங்கும். மின்னழுத்தியையும் நீர் சூடாக்கியையும் அதனிடம் கொடுத்தாற் சில மணி நேரத்திற் சோர்ந்துவிடும்.

பற்றரியிலும் வகை உண்டு. ஈய அமிலப் பற்றரி முதலில் மலிவு. நாள்தோறும் ஆழமாக வடித்து எடுத்தால் சில ஆண்டுகளே உழைக்கும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை விலை கூடியது, ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும், எளிதிற் தீப்பற்றாது. தகடு இருபத்தைந்து ஆண்டு நிற்கும். அதற்குள் பற்றரியையும் இன்வேட்டரையும் ஒரு முறையேனும் மாற்ற நேரும். அந்தச் செலவை இன்றே கணக்கிற் சேர்க்க வேண்டும்.

பணம் இப்போது போதாதவர்க்கு இடைவழி ஒன்றுண்டு. பின்னர் பற்றரி சேர்க்கத்தக்க கலப்பு வகை இன்வேட்டரை முதலிலேயே பதித்துவிடலாம். விலை சற்றே கூடும். அவ்வாறு வாங்கும்போதும் விற்பனையாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, அதன் விடையை எழுத்திற் பெற்றுக்கொள்க: பொதுக் கம்பியில் மின் நின்ற வேளையில், என் வீட்டின் எந்த விளக்கு எரியும், எத்தனை மணி நேரம் எரியும்?