குர்துபாவுக்குச் சென்ற மன்னர்: உடற்பருமனும் உறவின் துணையும்



சென்ற ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பு என் ராத்தா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய உயரம் 160 செ.மீ.; எடை 90 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூட்டு வலியால் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார். உணவுக் கட்டுப்பாட்டால் மூன்று முறை எடையைக் குறைத்தார். மூன்று முறையும் அது திரும்பி வந்தது. இறுதியில் மருத்துவர் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்திருந்தார். வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை. "உனக்கு அந்த அளவுக்கு உடம்பு இல்லையே" என்றார் மாமியார். "வாயைக் கட்டினால் போதாதா?" என்றார் மச்சான். "நோன்பு வரட்டும், தானாக இளைத்துவிடும்" என்றார் எங்கள் உம்மா. ராத்தா என்னிடம் சொன்னது இதுதான்: "கத்திக்கு நான் அஞ்சவில்லை. யாரும் இல்லாமல் அங்கே போய்ப் படுக்க வேண்டுமே என்றுதான் அஞ்சுகிறேன்."

அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால், முஸ்லிம் ஸ்பெயினின் வரலாற்றில் படித்த ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் ஒருவர் இதே நிலையில் நின்றார். அவர் ஒரு மன்னர்.

அரியணையை இழந்த சாஞ்சோ

ஐபீரியத் தீபகற்பத்தின் வடக்கே லியோன் என்னும் கிறிஸ்தவ அரசு இருந்தது. 956ஆம் ஆண்டில் முதலாம் சாஞ்சோ அதன் மன்னரானார். வரலாறு அவரைப் 'பருத்த சாஞ்சோ' என்றே பதிவு செய்திருக்கிறது. தாங்கிப் பிடிக்க ஆளின்றி நடக்கவும், குதிரையேறவும் இயலாத அளவுக்கு அவர் உடல் பருத்திருந்தது எனச் சொல்லப்படுகிறது. படைக்குத் தலைமை தாங்குவதே மன்னரின் முதற்கடமையாக இருந்த காலம் அது. 958ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவரை அகற்றிவிட்டு நான்காம் ஓர்தோனியோவை அரியணையில் அமர்த்தினர். இதற்கு அரசியற் காரணங்களும் இருந்தன. காஸ்தீலின் பிரபு ஃபெர்னான் கொன்சாலஸின் ஆதரவு ஓர்தோனியோவுக்கு இருந்தது. எனினும் எதிரிகளின் கைக்கு எளிதில் கிடைத்த ஆயுதம் சாஞ்சோவின் உடல்தான்.

அவர் அடைக்கலம் தேடியது தம் தாய்வழிப் பாட்டியான தோதாவிடம். பாம்ப்லோனா அரசின் மூத்த அரசியான தோதா, மகன் சிறுவனாக இருந்தபோது ஆட்சியைத் தாமே நடத்தியவர். பேரனை அவர் ஏளனம் செய்யவில்லை. 'உண்பதைக் குறை' என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் இல்லை. இது மருத்துவம் தேவைப்படும் நிலை என்று கண்டார். அக்காலத்தில் மேற்குலகின் சிறந்த மருத்துவம் எங்கே இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். அது குர்துபாவில் இருந்தது.

எதிரியின் வாசலில்

குர்துபாவில் அப்போது ஆட்சி செய்தவர் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்நாஸிர். அவருக்கும் சாஞ்சோவின் குடும்பத்துக்கும் இடையே பழைய பகை இருந்தது. 939ஆம் ஆண்டில் சீமான்காஸ் போரில் கலீஃபாவின் படையைத் தோற்கடித்தவர் சாஞ்சோவின் தந்தை இரண்டாம் ராமிரோ. அரபு வரலாற்றாசிரியர்கள் 'அல்கந்தக்' என்று வேதனையோடு குறிப்பிடும் தோல்வி அது. மறுபுறம், தோதாவின் தாயாரே கலீஃபாவின் தந்தையைப் பெற்றவரும் ஆவார். ஆகவே தோதா கலீஃபாவுக்கு அத்தை முறை. பகையைப் புறந்தள்ளி, உறவை முன்னிறுத்தி அவர் உதவி கேட்டார்.

கலீஃபா அனுப்பியவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத மருத்துவர். அரசவையின் தூதராகவும் அவர் விளங்கினார். பைசாந்தியப் பேரரசர் அன்பளிப்பாக அனுப்பிய தியோஸ்கோரிதஸின் மூலிகை நூலை அரபியில் சீர்செய்த அறிஞர் குழுவிலும் இடம்பெற்றவர். ஹஸ்தாய் பாம்ப்லோனாவுக்குச் சென்று சாஞ்சோவைக் கண்டார். சிகிச்சை குர்துபாவில்தான் நடைபெறும் என்பதும், அரியணை மீண்டபின் பத்துக் கோட்டைகளைக் கலீஃபாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகள். அரசியலும் மருத்துவமும் பின்னிக் கிடந்த ஒப்பந்தம் அது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பயணத்தில் நம் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. தோதா பேரனைத் தனியே அனுப்பவில்லை. முதுமையிலும், வாழ்நாளெல்லாம் எதிரியாக எண்ணிய நாட்டுக்குத் தாமும் உடன் சென்றார். தம் மகனான மன்னர் கார்சியாவையும் அழைத்துச் சென்றார். மூவரையும் குர்துபா சிறப்புடன் வரவேற்றது.

சிகிச்சை எவ்வாறு நடந்தது? சாஞ்சோவின் வாயைத் தைத்தார்கள், கட்டிலோடு கட்டி வைத்தார்கள் என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. இவற்றை வைத்து, 'உலகின் முதல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை' என்று எழுதுவோரும் உண்டு. காலத்தால் நெருங்கிய சம்பீரோவின் வரலாற்றுக் குறிப்போ, முஸ்லிம்கள் ஒரு மூலிகையைக் கொடுத்து அவர் வயிற்றின் பருமனை நீக்கினர் என்று மட்டுமே கூறுகிறது. நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: சாஞ்சோ இளைத்தார், கலீஃபாவின் படை உதவியோடு 960ஆம் ஆண்டளவில் லியோனின் அரியணையை மீண்டும் பெற்றார்.

நோய் என்று கண்டவர்கள்

சாஞ்சோவை லியோன் ஒரு கேலிப்பொருளாகக் கண்டது; குர்துபா ஒரு நோயாளியாகக் கண்டது. இந்த வேறுபாடு தற்செயலானது அன்று. இஸ்லாமிய உலகின் மருத்துவ மரபு உடற்பருமனை உடலைக் கெடுக்கும் நிலையாகவே ஆராய்ந்தது. சாஞ்சோவுக்குச் சில பத்தாண்டுகள் பின்னர் வாழ்ந்த இப்னு ஸீனா (980–1037), தம் 'அல்கானூன்' நூலில் மிகைப் பருமனின் தீங்குகளைத் தனியே விளக்கினார். அது உடலின் இயக்கத்தைத் தடுக்கிறது, இரத்த நாளங்களை நெருக்குகிறது, மூச்சை அடைக்கிறது, திடீர் மரணத்துக்கும் இட்டுச் செல்லக்கூடும் என்று எழுதினார்.

அதே குர்துபாவின் பகுதியான மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி. தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியை முழுவதும் அறுவை சிகிச்சைக்கே ஒதுக்கினார். உடற்கூறு அறியாமல் கத்தியைத் தொடுவோர் உயிரைப் பறிப்பார்கள் என்று அதில் கடுமையாக எச்சரித்தார். கத்திக்கு அஞ்சுவது அறியாமை ஆகாது. தகுதியற்ற கைக்கு அஞ்சத்தான் வேண்டும் என்பதே அவர் தந்த பாடம்.

அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

ஆகவே நம் பெரியவர்களின் தயக்கத்தை எள்ளி நகையாடக் கூடாது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின் தொடக்க காலம் அச்சமூட்டுவதாகவே இருந்தது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மருத்துவர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவு செல்லும்படி குடலை இணைக்கும் முறையை அறிவித்தனர். எடை குறைந்தது; கூடவே கல்லீரல் செயலிழப்பும், சிறுநீரகக் கற்களும், ஊட்டச்சத்துக் குறைபாடும் வந்தன. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் பின்னர் எளிதில் பருப்பதில்லை. அதிலிருந்து 1966ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுப்பாதை அறுவை பிறந்தது. 1990களில் சிறு துளைகள் வழியே இதைச் செய்யும் முறை வந்தபோது, வலியும் ஆபத்தும் பெரிதும் குறைந்தன.

1995ஆம் ஆண்டில் வடக்கு கரோலினாவின் வால்டர் போரிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. இரைப்பை மாற்றுப்பாதை அறுவைக்குப் பின், சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. 1987ஆம் ஆண்டில் சுவீடனில் தொடங்கிய நீண்ட ஆய்வு, அறுவை செய்துகொண்ட 2010 பேரையும் செய்துகொள்ளாத 2037 பேரையும் ஒப்பிட்டது. 2007ஆம் ஆண்டு அறிக்கையின்படி முதல் பிரிவில் 101 பேரும் இரண்டாம் பிரிவில் 129 பேரும் இறந்திருந்தனர். இது அழகுக்கான சிகிச்சை என்ற எண்ணத்துக்கு இவ்வெண்களே மறுப்பு.

"வாயைக் கட்டினால் போதும்" என்பதற்கு

வயிற்றின் மூன்றிலொரு பகுதியை உணவுக்கும், இன்னொரு பகுதியை நீருக்கும், எஞ்சியதை மூச்சுக்கும் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அவ்வழிகாட்டல் நம் அனைவருக்கும் உரியது. நோயுற்ற ஒருவர் மீது எறியும் கல்லாக அதை ஆக்கக் கூடாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே.

கட்டுப்பாடு ஏன் பலருக்கு நிலைப்பதில்லை என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் பசியூட்டும் இயக்குநீரை 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். உணவைக் குறைத்து இளைத்தவர்களின் உடலில் இச்சுரப்பு கூடுகிறது என்பதும், இரைப்பை மாற்றுப்பாதை அறுவை செய்தவர்களிடம் அது வெகுவாகக் குறைந்திருந்தது என்பதும் 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இளைத்தவரின் பசி முன்னிலும் கடுமையாகிறது. என் ராத்தா மூன்று முறை தோற்றது மன உறுதியின்மையால் அன்று.

"உனக்கு அந்த அளவுக்கு உடம்பு இல்லையே" என்பதற்கு

கண் ஒரு நல்ல அளவுகோல் அன்று. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) இருமடியால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கிறது. 1830களில் பெல்ஜிய அறிஞர் அடோல்ஃப் கெத்லே வகுத்த கணக்கு இது. என் ராத்தாவுக்கு அது 35ஐத் தாண்டுகிறது.

1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, குறியீட்டெண் 40 அல்லது கடும் இணை நோய்களுடன் 35 என்று அறுவைக்கான எல்லையை வகுத்தது. ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டியது. 2022ஆம் ஆண்டில் இத்துறையின் அமெரிக்க, பன்னாட்டுச் சங்கங்கள் எல்லையைத் திருத்தின: 35 இருந்தால் இணை நோய் இல்லாவிடினும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5 முதலே இச்சிகிச்சை குறித்து எண்ணலாம். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 27.5 என்பது ஏறத்தாழ 70 கிலோ. அத்தகைய ஒருவரைத் திருமண வீட்டில் கண்டால் நாம் 'நல்ல உடல்வாகு' என்போம். அந்த எடையுள்ள எல்லோருக்கும் அறுவை தேவை என்பதன்று இதன் பொருள். யாருக்குத் தேவை என்பதை நம் பார்வையால் முடிவு செய்ய இயலாது என்பதே.

துணையும் சிகிச்சையின் பகுதியே

1991ஆம் ஆண்டுக் குழு இன்னொன்றையும் வலியுறுத்தியது. அறுவை மருத்துவர் மட்டும் போதாது. பொது மருத்துவர், உளநல மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோரும் சேர்ந்து நோயாளியை ஆராய வேண்டும். ஏனெனில் அறுவையோடு எதுவும் முடிவதில்லை. சில வாரங்கள் நீருணவு. பின்னர் சிறு அளவில் மெதுவாக உண்ணும் பழக்கம். வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும். ஒரே சஹனில் கூடி உண்ணும் நம் வீடுகளில், நான்கு கவளத்தோடு கையெடுப்பவரை "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாமல் இருப்பதே பேருதவி.

சாஞ்சோவின் கதையை ராத்தாவிடம் சொன்னேன். பின்னர் உம்மாவிடமும் சொன்னேன். உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாட்டி கூடவே போனாரா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆலோசனைக்கு அவரும் வந்தார். மருத்துவரிடம் அவர் கேட்ட கேள்விகள் பல. ஆபத்து என்ன, செய்யாவிட்டால் ஆபத்து என்ன, மீண்டும் எடை கூடுமா, தொழுகையில் ஸஜ்தா செய்ய முடியுமா. எல்லாவற்றுக்கும் விடை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். எடை ஓரளவு திரும்பக்கூடும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. உம்மாவின் ஐயம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆயினும் அடுத்த மாதம் ராத்தாவுடன் மருத்துவமனையில் தங்கப் போவது அவர்தான்.

உங்கள் வீட்டில் ஒருவர் இத்தகைய முடிவோடு வந்தால், அதை உடனே ஏற்க வேண்டும் என்பதில்லை. கேள்வி கேளுங்கள், மருத்துவரைச் சேர்ந்து சந்தியுங்கள், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். ஆனால் அவரைத் தனியே மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.