ஹம்பேர்க் இறங்குதுறை: தொழிலாளர் படகிலிருந்து சுற்றுலாப் படகுக்கு

ஜேர்மனியின் மிகப் பெரிய துறைமுக நகரான ஹம்பேர்க்கிற்கு வருவோர் தவறாமல் செல்லும் இடங்களில் சங்க்ட் பவுலி இறங்குதுறையும் ஒன்று. எல்பே ஆற்றின் வடகரையில், ஏறத்தாழ 700 மீட்டர் நீளத்திற்கு மிதக்கும் மேடைகளால் ஆன இத்துறை, வெளியூரவருக்கு ஒரு காட்சிப்பொருள். ஆற்றின் மறுகரையில் தொழில் பார்ப்பவர்களுக்கோ இது ஒரு பேருந்து நிலையத்தைப் போன்றது.

இங்கு முதலாவது இறங்குதுறை 1839இல் நீராவிக் கப்பல்களுக்காக அமைக்கப்பட்டது. நிலக்கரி எரித்து ஓடும் கப்பல்களிலிருந்து பறக்கும் தீப்பொறி, துறைமுகத்தில் நின்ற மரக் கப்பல்களைப் பற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தால், நகர வாயிலுக்கு வெளியே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும், 1842 மே மாதம் நகரின் பெரும் பகுதியை அழித்த தீ, நிலத்தில், டைஷ்ஸ்ட்ராஸே என்ற தெருவில்தான் தொடங்கியது.

இத்துறை அன்றாடப் பயணிகளின் துறையாக மாறியதற்குக் காரணம் ஓர் அரசியல் முடிவாகும். 1888 ஒக்டோபரில் ஹம்பேர்க் ஜேர்மன் சுங்க ஒன்றியத்தில் இணைந்தபோது, அதற்கு ஈடாகச் சுங்க வரி இல்லாத துறைமுக வலயம் ஒன்றைப் பெற்றது. அதற்குரிய பண்டகசாலைகளைக் கட்டுவதற்காக, ஏறத்தாழ 20,000 பேர் தமது குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வேலைத்தலத்துக்கு அருகே வாழ்ந்த தொழிலாளர், அதன் பின்னர் தொலைவிலிருந்து வரவேண்டியவர்களாயினர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் துறைமுகப் படகு நிறுவனமான ஹாடாக் தொடங்கப்பட்டது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

கப்பல் கட்டும் தளங்கள் தென்கரையில் பெருகியபோது, படகுகள் மட்டும் போதாமற்போயின. பனிமூட்டமும் பனிக்கட்டியும் சேவையைக் குலைத்தன. எனவே, தற்போதுள்ள இறங்குதுறைக் கட்டடம் 1907 முதல் 1910 வரையான காலத்தில் எழுப்பப்பட்டதையடுத்து, அதனருகிலேயே ஆற்றுக்கு அடியில் 426 மீட்டர் நீளச் சுரங்கப்பாதை 1911இல் திறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் பெரிதும் சேதமடைந்த மிதவைகளும் பாலங்களும் 1950களில் புதிதாக அமைக்கப்பட்டன. நகரின் போக்குவரத்து ஒன்றியம் 1965இல் உருவானபோது ஹாடாக்கும் அதில் இணைந்தது. ரயிலுக்கு வாங்கிய பயணச்சீட்டிலேயே படகிலும் ஏறலாம் என்ற இன்றைய வசதி அதன் விளைவாகும்.

ஆனால் பயணிகள் குறையத் தொடங்கியிருந்தனர். கொள்கலன் முறை வந்த பின்னர், நூற்றுக்கணக்கானோர் செய்த வேலையைப் பாரந்தூக்கிகள் செய்தன. கப்பல் கட்டும் தொழில் நலிந்தது. 1974இல் கோல்பிராண்ட் பாலமும், 1975இல் நெடுஞ்சாலைக்கான புதிய எல்பே சுரங்கமும் திறக்கப்பட்டன. எஞ்சியிருந்த தொழிலாளரும் வாகனங்களில் செல்லலாயினர். 1888இல் உருவான வரியில்லா வலயமே 2013 ஜனவரி முதலாம் தேதி ஒழிக்கப்பட்டது.

படகுச் சேவை பிழைத்தது எப்படி? ஃபிங்கன்வேர்டரில் உள்ள ஏர்பஸ் விமானத் தொழிற்சாலையும், கரையோரத்தில் எழுந்த புதிய குடியிருப்புகளும் அலுவலகங்களும் அதற்கு ஒரு பங்கு உதவின. பெரும் பங்கு சுற்றுலாவினுடையது. இறங்குதுறையிலிருந்து ஃபிங்கன்வேர்டர் செல்லும் 62ஆம் இலக்கப் படகு, தனியார் உலாப் படகுகளின் கட்டணம் இல்லாமலே துறைமுகத்தைக் காட்டிவிடுகிறது. 2023 மே மாதம் அறிமுகமான நாடு தழுவிய மாதாந்தப் பயணச்சீட்டும் இதில் செல்லுபடியாவதால், கோடை வார இறுதிகளில் நீண்ட வரிசை நிற்கிறது. அவ்வரிசையில் வேலைக்குச் செல்பவரும் நிற்கவேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் நயினாதீவு யாத்திரிகர்களுக்கும் நாள்தோறும் நெடுந்தீவு சென்று பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நெடுந்தீவுக்குப் பாலமோ சுரங்கமோ இல்லை என்பதே பெரிய வித்தியாசம்.

இன்னொரு சிக்கல் ஆற்றினுடையது. பெரிய கப்பல்களுக்காக எல்பே மீண்டும் மீண்டும் ஆழப்படுத்தப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன்னர் இங்கு ஏறத்தாழ 2 மீட்டராக இருந்த வற்றுப்பெருக்கு வேறுபாடு, இன்று மூன்றரை மீட்டரைத் தாண்டிவிட்டது. ஆழப்படுத்தல் அதற்கு ஒரு முக்கிய காரணம். மிதவைகள் நீருடன் ஏறி இறங்குவதால், கரையிலிருந்து அவற்றுக்குச் செல்லும் பாலங்கள் வற்று வேளையில் செங்குத்தாகச் சாய்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவர் படகு நேரத்துடன் நீர்மட்டத்தையும் பார்த்தே புறப்படவேண்டும். துறையின் கிழக்கு முனையிலுள்ள கோபுரம், கடிகாரத்தோடு நீர்மட்டத்தையும் காட்டுகிறது.