பிரித்தால்தான் தெரியும்

லாரிப் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், "பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார் மெக்கானிக். பிரேக்கில் ஏதோ கிறீச்சிடுகிறது என்று கொண்டுவந்த டிரெய்லரில் ஒரு டிரம்மைக் கழற்றுகிறார்கள். ஆயில் சீல் கிழிந்து லைனர் முழுக்க எண்ணெய் ஊறியிருக்கிறது. பேரிங்கில் இருந்த கிரீஸ் காய்ந்து தாராக இறுகிவிட்டது. இன்னொரு சக்கரத்தில் லைனர் தேய்ந்து ரிவெட் தலை டிரம்மைக் கீறியிருக்கிறது. அடியில் குனிந்தால் கமான் பட்டையில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. விரிசலின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் அது நேற்று விட்டதல்ல. பாதி துரு, பாதி பளபளப்பு என்றால் பழைய விரிசல் அண்மையில் நீண்டிருக்கிறது. கல்வெட்டைப் படிப்பதுபோல இதையும் படிக்கலாம். இப்படிப் படித்ததும் நாம் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: ஓட்டியவனுக்கு அக்கறை இல்லை. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்பது என் வாதம். பேணாவிட்டால் உடனே நின்றுபோகிற பொருளை மனிதர்கள் எக்காலத்திலும் பேணித்தான் வந்திருக்கிறார்கள். பேணாமல் விட்டாலும் நெடுநாள் ஓடுகிற பொருளைத்தான் கைவிட்டிருக்கிறார்கள். சக்கரத்தின் வரலாறு இந்த இரண்டாம் வகையை நோக்கியே நகர்ந்திருக்கிறது. இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர் அதன் கடைசி எல்லை.

நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரம் மிகுதி, வழியோ மேடு பள்ளம். எங்கே என்ன ஆகும் என்று யார் கண்டார் என்பது உமணரின் கணக்கு. உவமையை எடுத்துவிட்டுத் தொழில் செய்தியாக மட்டும் பார்த்தாலும் இதில் நிறைய இருக்கிறது. அச்சு முறியும் என்பது அவர்களுக்குத் தெரியும். முறிந்தால் நடுக்காட்டில் உப்பு மூட்டைகளோடு உட்காரப்போவது தாங்கள்தான் என்பதும் தெரியும். வண்டியின் உடைமையாளர், ஓட்டுபவர், பழுதுபார்ப்பவர், நட்டப்படுபவர் எல்லாரும் ஒரே கூட்டம். ஏற்கெனவே கனத்த வண்டியில் பயன்படாமலே போகக்கூடிய ஒரு மரத்தையும் சுமக்கவைத்தது அந்த ஒருமைதான். குறளிலும் அச்சு முறியும் வண்டி வருகிறது, தேரைத் தாங்கும் அச்சாணி வருகிறது. படிப்போருக்கு விளக்கம் தேவைப்படாத காட்சிகளாக இருந்ததால்தான் அவை உவமையாயின.

கட்டைவண்டிக் காலத்தில் இந்த அறிவு அன்றாட வேலையாக இருந்தது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை வண்டியோடே போகும். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சுமுனையில் மையைப் பூசித் தள்ளினால் வேலை முடிந்தது. அந்த ஒவ்வொரு முறையும் சக்கரக் குடத்தின் உட்புறம் கண்ணில் படும், அச்சின் தேய்மானம் விரலில் தட்டுப்படும். பூச மறந்தால் வண்டியே சொல்லிவிடும். ஊருக்கு வெளியே வரும்போதே அதன் அலறல் வீட்டில் கேட்கும். மாடு இழுக்கத் திணறும். பேணலும் பரிசோதனையும் இரு வேலைகளாக அன்று பிரியவில்லை.

கட்டைவண்டிக்காரர்கள் எல்லாரும் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மயிற்பீலி ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று குறள் எச்சரிக்க வேண்டியிருந்ததே, அளவு மீறி ஏற்றியவர்கள் இருந்ததால்தான். இரும்புப் பட்டா கட்டிய சக்கரம் சாலையைக் கிழித்தது, மாட்டின் கழுத்து நுகத்தில் புண்ணானது. 1970-களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று ஆய்வும் பரப்புரையும் செய்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பழைய வண்டிக்கு இருந்த ஒரே சிறப்பு, அதில் அலட்சியம் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் இருந்ததுதான். மனிதர் அன்று திருந்தியிருக்கவில்லை. வண்டி அவர்களை விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது பேரிங். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த அமெரிக்கர் ஹென்றி டிம்கன், 1898-ல் கூம்பு உருளை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் விழும் அழுத்தத்தையும் அது தாங்கியது. அவர் மனதில் இருந்தது மோட்டார் வண்டியல்ல, பாரவண்டியும் கோச்சு வண்டியுமே. இன்று லாரி ஹப்பிலும் டிரெய்லர் ஹப்பிலும் இருப்பது அதன் வழித்தோன்றல். நம் ஊரில் ரப்பர் சக்கரமும் பேரிங்கும் வைத்த டயர் வண்டி வந்தபோது மாட்டுக்கு அது பெரிய விடுதலை. இழுப்பு எளிதானது, அலறல் நின்றது. அலறல் நின்றதோடு தகவலும் நின்றது. மூடியும் சீலும் போட்டு அடைத்த ஹப்புக்குள் கிரீஸ் இருக்கிறதா, தண்ணீர் புகுந்ததா என்பதை யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1940-களில் வந்த லித்தியம் கிரீஸ் வெப்பத்தையும் ஈரத்தையும் முன்னைவிட நன்றாகத் தாங்கியது. தினமும் பார்த்த வேலை மாதம் ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று தள்ளிப்போனது. ஒரு வேலையின் இடைவெளி மனிதரின் நினைவு நீளத்தைத் தாண்டிவிட்டால் அது வேறு வேலையாகிவிடுகிறது. கை மறந்துவிடும், ஏடுதான் நினைவில் வைக்க வேண்டும். ஏடு வைத்திருந்த வண்டிகள் எத்தனை?

எதிர்ப்பக்கச் சான்று ஒன்று இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிடைக்கிறது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் சென்னை மாகாணத்தின் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. அதற்கான அடுப்புக் கலங்களை டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் செய்து பொருத்தின. வண்டியின் பின்புறம் தொங்கும் அந்தக் கலத்தில் சாம்பல் வாரி, வடிகட்டியைத் துடைத்து, கரியிட்டு மூட்டி, வாயு வரும்வரை காத்திருந்தால்தான் எஞ்சின் உயிர்பெறும். ஒருநாள் சோம்பினால் மறுநாள் வண்டி மேடு ஏறாது. எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். ஆனாலும் அந்தக் கரிக்கலம் அன்றாடம் பேணப்பட்டது, பேணாமல் ஓட்ட வழியே இல்லாததால். பெட்ரோல் திரும்பி வந்ததும் கலங்களைக் கழற்றிப் போட்டார்கள், யாரும் அழவில்லை.

டிரெய்லர் இதற்கு நேர் மறுமுனை. டெட்ராய்ட்டில் கொல்லராகவும் வண்டி செய்பவராகவும் இருந்த ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்பவரிடம் 1914-ல் ஒரு மரவணிகர் வந்து, தன் படகை ஃபோர்டு காருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஏதாவது செய்து தரச் சொன்னார். அந்தப் பட்டறையில் பிறந்த இரு சக்கர வண்டி பிறகு மரம் ஏற்றவும் பயன்பட்டது; அமெரிக்காவின் பெரிய டிரெய்லர் தொழில் ஒன்று அங்கிருந்து வளர்ந்தது. எஞ்சின் இல்லாததால் மலிவு. எஞ்சின் இல்லாததாலேயே அதற்குக் குரலும் இல்லை. ஓட்டுநரின் இருக்கையில் முன்வண்டியின் ஒவ்வொரு நடுக்கமும் தெரியும். இருபது முப்பது அடி பின்னால் ஒரு பேரிங் காய்வது தெரியாது. பிரேக் பிடிக்காத டிரெய்லரை முன்வண்டியின் பிரேக்கே சுமந்துகொள்ளும், பல மாதங்களுக்கு. அதன் குறையை இழுப்பவன் தன் குறையாகச் சுமந்து மறைத்துவிடுகிறான்.

பின்னால் வரும் பெட்டியின் பிரேக்கை யார் கவனிப்பது என்ற கேள்வியை ரயில்வே முன்பே சந்தித்தது. 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த காற்றுப் பிரேக்கில், குழாயில் காற்று போனால் பிரேக் போய்விடும். 1872-ல் அவர் ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார்: காற்று இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும், குழாய் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும். அலட்சியம் ரயிலை ஓடவிடாமல் நிறுத்திவிடும் ஏற்பாடு. ஆனால் பல கம்பெனிகள் பழைய முறையிலேயே ஓட்டின. 1889 ஜூன் 12-ல் அயர்லாந்தின் ஆர்மா அருகே, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகளின் உல்லாச ரயில் ஏற்றத்தில் நின்றுபோனது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோக முயன்றபோது, எஞ்சினிலிருந்து அறுந்த பின்பாதியில் பிரேக் இல்லாமல் போனது. அது சரிவில் உருண்டு பின்னால் வந்த ரயிலில் மோதியதில் சுமார் எண்பது பேர் இறந்தார்கள். தானே பிடிக்கும் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆகஸ்டில் நிறைவேறியது; பதினேழு ஆண்டுகளாகக் கையில் இருந்த கருவிக்கு. இன்று கனரக டிரெய்லரின் ஸ்பிரிங் பிரேக்கும் அதே தத்துவம்தான்: காற்று போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு அதை விடுவிக்க ஒரு போல்ட் உண்டு. பட்டறைக்கு இழுத்துவர மட்டும் முறுக்க வேண்டிய போல்ட், முறுக்கியபடியே சரக்கேற்றி ஓடியிருப்பதும் பிரிக்கும்போதுதான் தெரியவருகிறது.

கருவி போதாத இடத்தில் அரசு நாள் குறித்தது. பிரிட்டன் 1960-ல் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. தேறாத கார்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்பதால் அடுத்த ஆண்டே வரம்பு ஏழு ஆண்டாகவும், 1967-ல் மூன்று ஆண்டாகவும் இறங்கியது. சோதிக்கும்வரை அந்த நாடும் தன் வண்டிகளைப் பற்றி நல்லதாகவே நினைத்திருந்தது. இந்தியாவில் 1939-ன் மோட்டார் வாகனச் சட்டம் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் (எஃப்.சி.) எனும் தகுதிச் சான்றைக் கொண்டுவந்தது, 1988-ன் சட்டம் அதைத் தொடர்ந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரித் தொழிலில் இந்தச் சான்று ஒரு பருவத்தையே உண்டாக்கிவிட்டது: எஃப்.சி. வேலை. ஆயுத பூஜைக்கு வண்டி கழுவிச் சந்தனமும் பூமாலையும் பெறுவதுபோல, எஃப்.சி.க்கு டிங்கரிங், பெயின்டிங், லைனர் என்று ஒரு பட்டியல். (பூஜையிலும் பொட்டு முகப்புக்குத்தான், கிரீஸ் நிப்பிளுக்கு யாரும் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.) சட்டம் குறைந்தபட்சமாகக் குறித்த நாள், "எஃப்.சி.க்குப் பார்த்துக்கலாம்" என்ற சொல்லால் அதிகபட்சமாகிவிட்டது. 2018-ல் வந்த திருத்தம் எட்டு ஆண்டு வரையிலான வண்டிகளுக்குச் சான்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தியபோது, ஒத்திப்போடும் நாளும் கூடவே நீண்டது. இதற்காகச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒரு நாளும் இல்லாவிட்டால் டிரம் கழன்றே இராது.

நவீன வண்டி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும், இந்தக் கவலை பழையது என்று ஒரு மறுப்பு உண்டு. தானே சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் அதற்கு நல்ல சோதனை. லைனர் தேயத்தேய இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வரும் கருவி அது. 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிளென் ராக் என்ற ஊரில் பிரேக் பிடிக்காத டிப்பர் லாரி கார்களில் மோதியதை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இந்தத் தானியங்கிக் கருவியைக் கையால் திருகிச் சரிசெய்வதே ஆபத்து என்று எச்சரித்தது. தானாகச் சரியாக வேண்டிய கருவி சரியாகவில்லை என்றால் வேறெங்கோ பழுது இருக்கிறது. திருகிவிட்டால் அந்தப் பழுது சில நாளைக்கு மறையும். கருவி வளர்ந்ததால் கவனம் தேவையற்றுப் போகவில்லை, கவனிக்க வேண்டிய இடம் இன்னும் உள்ளே போய்விட்டது.

இன்னொரு மறுப்பு வலுவானது. கடனில் வண்டி எடுத்து, தவணைக்கும் டீசலுக்கும் ஓடும் ஓட்டுநர்-உரிமையாளருக்கு ஒருநாள் வண்டியை நிறுத்துவதே இழப்பு. அவரிடம் பராமரிப்பு பேசுவது வயிறு நிறைந்தவர்களின் உபதேசம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் உமணரும் செல்வர்களாக இருந்ததாகப் பாட்டில் செய்தி இல்லை. வறுமை மட்டுமே காரணமென்றால் மலிவான வேலைகள் செய்யப்பட்டு, விலை கூடியவை மட்டும் விடுபட்டிருக்க வேண்டும். பட்டறையில் காண்பது வேறு. கேபினில் புது ஸ்பீக்கரும் முன்பக்கம் புது டயரும் இருக்கும் வண்டியில், அரை மணி நேரத்தில் கிரீஸ் கன்னால் முடியும் வேலை விடுபட்டிருக்கும். பணம் எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எது கண்ணில் படுகிறது, எது வண்டியை நிறுத்திவைக்கும் என்பவைதான்.

இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் வேறு வேறு ஆளுடையதாகும்போது இது உச்சத்துக்குப் போகிறது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் தொழிலில் ஒரே டிரெய்லரை இன்று ஒரு முன்வண்டி இழுக்கும், நாளை இன்னொன்று. கிங் பின் மாட்டி, காற்றுக் குழாய் செருகி, ஏழு பின் பிளக்கைச் சொருகினால் கிளம்பியாயிற்று. பின்விளக்கு எரியாவிட்டால் பழியைப் போன ஆள் மீது போடலாம். கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் போகும் டிரெய்லரை அதன் உடைமையாளரே வண்டியாக எண்ணுவதில்லை; டிராக்டரோடு சேர்ந்த ஒரு தட்டுமுட்டுச் சாமான் அது. சட்டம் அப்படி எண்ணவில்லை. 1988-ன் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதன் வரையறைக்குள் டிரெய்லரும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 1968-ல் கனரக வண்டிச் சோதனை தொடங்கியபோது டிரெய்லருக்கென்றே தனி எண்ணும் தனித் தகடும் கொடுத்துத் தனியாகச் சோதித்தார்கள், யார் இழுத்துவந்தாலும்.

நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடும் சமையல் எரிவாயு டேங்கர்களில் இந்தக் கதை முழுவதையும் ஒரே வண்டியில் பார்க்கலாம். மேலே இருக்கும் உருளைக் கலத்துக்கு வெடிபொருள் துறையின் தனி விதிகள் உண்டு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து, அந்தத் தேதியை ஆவணத்தில் ஏற்றாமல் அடுத்த லோடு கிடைக்காது. அதனால் கலம் என்றைக்குச் சோதிக்கப்பட்டது என்று கேட்டால் சொல்ல ஆள் உண்டு. அதே கலத்தைத் தாங்கும் அச்சில் ஹப்பைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேட்டால், பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்துவரத்தான் போவார்.