1956: செல்டிக்ஸின் பேரம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், 1956 வரை பாஸ்டன் செல்டிக்ஸ் ஒரு முறைகூடக் கோப்பை வென்றதில்லை. பந்தைக் கூடையில் போட ஆள் இருந்தது; தவறிய பந்தைப் பறித்துத் தர ஆள் இல்லை. பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக்கின் கண் சான்பிரான்சிஸ்கோ கல்லூரி வீரர் பில் ரஸ்ஸல் மீது விழுந்தது.

புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு ராச்செஸ்டருக்கு, இரண்டாவது செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு. செல்டிக்ஸோ உள்ளூர்க் கல்லூரி வீரரை எடுக்கும் சலுகையில் டாம் ஹைன்சனைச் சேர்த்து, முதல் சுற்று வாய்ப்பைச் செலவழித்திருந்தது. ஆகவே ஹாக்ஸுடன் பேரம்: நட்சத்திர வீரர் எட் மெக்காலேயும், ராணுவப் பணியால் செல்டிக்ஸுக்கு அதுவரை ஆடியிராத கிளிஃப் ஹேகனும் அங்கே போக, ரஸ்ஸல் இங்கே வந்தார். மெக்காலேயின் மகன் நோயுற்றிருந்ததால், சொந்த ஊரான செயின்ட் லூயிஸுக்குத் திரும்ப அவருக்கும் மனமிருந்தது. ராச்செஸ்டர் ரஸ்ஸலை விட்டுவிட்டு சிஹ்யூகோ கிரீனை எடுத்தது. இரண்டாம் சுற்றில் கே.சி. ஜோன்ஸையும் செல்டிக்ஸ் பிடித்தது.

மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபின், டிசம்பரில்தான் ரஸ்ஸல் அணியில் சேர்ந்தார். 1957 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம்வரை நீண்டது. செல்டிக்ஸ் 125-123 என ஹாக்ஸையே வென்றது. மறு ஆண்டு ஹாக்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. ஏமாந்த பேரம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 கோப்பைகள் வென்றார்.